பட்டன் பொய் சொல்லலாமா?

செல்போன் திரையில் ஒரு பட்டன் இருக்கிறது.

அது பச்சையாக மாறினால், "காரியம் முடிந்தது" என்று மக்கள் நினைக்கிறார்கள். சிவப்பாக மாறினால், "ஏதோ கோளாறு" என்று பயப்படுகிறார்கள். சாம்பல் நிறமானால், "இதை இப்போது அமுக்கக் கூடாது" என்று கையை எடுத்துக்கொள்கிறார்கள்.

இதை யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கவில்லை. பழக்கத்திலே வந்த பாடம்.

நன்றாகப் படித்தவர், திரையில் உள்ள எழுத்தையும் படித்துப் பார்ப்பார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் நிறத்தைப் பார்த்தே முடிவு செய்வார். அவருக்கு நிறம்தான் எழுத்து!

அந்த நிறம் பொய் சொன்னால் என்ன ஆகும்?

பணம் போகும். விண்ணப்பம் போகும். எந்திரத்தின் மேல் இருந்த நம்பிக்கையும் போகும்.

ஆகவே, பட்டனின் நிறம் என்பது சின்ன விஷயம் அல்ல. உள்ளே என்ன நடக்கிறதோ அதையே அது வெளியே காட்ட வேண்டும். அப்படிக் காட்டுவதற்கென்றே கம்ப்யூட்டர் நிபுணர்கள் சில கருவிகளைச் செய்திருக்கிறார்கள். நல்ல கருவிகள்தான். ஆனால் கருவி மட்டும் போதாது. அதைக் கையாளுகிறவருக்கு ஒரு நேர்மையும் வேண்டும்.

எப்படி என்று பார்ப்போம்.

இரண்டு முறை போன பணம்

ஒரு தாய், தன் மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தொகை 4,500 ரூபாய். இன்றே கடைசி நாள்.

அவள் செல்போனில் "பணம் கட்டு" என்ற பட்டனை அமுக்குகிறாள்.

பட்டன் அப்படியே இருக்கிறது. நிறம் மாறவில்லை. எழுத்தும் மாறவில்லை.

"சரியாக அமுக்கவில்லை போலிருக்கிறது" என்று மறுபடியும் அமுக்குகிறாள்.

ஆனால் முதல் முறை அமுக்கியபோதே பணம் புறப்பட்டுவிட்டது! இரண்டாம் முறை அமுக்கியதும் இன்னொரு 4,500 ரூபாய் புறப்படுகிறது.

தவறு யாருடையது? தாயினுடையதா?

இல்லை. அவளுக்குப் பட்டன் உண்மையைச் சொல்லவில்லை.

அந்தப் பட்டனுக்கு உள்ளே நான்கு நிலைகள் உண்டு. யாராவது அமுக்குவார்களா என்று காத்திருப்பது ஒரு நிலை. அமுக்கிய பிறகு பணம் போய்க்கொண்டிருப்பது இரண்டாவது நிலை. பணம் சேர்ந்துவிட்டது மூன்றாவது. சேராமல் தவறிவிட்டது நான்காவது.

உள்ளே நிலை மாறுகிறபோதே வெளியே உடையும் மாற வேண்டும். காத்திருக்கும்போது நீலம். போகும்போது சாம்பல். சேர்ந்தால் பச்சை. தவறினால் சிவப்பு.

கேட்பதற்கு எளிது. செய்வதில்தான் எத்தனையோ கோளாறுகள்!

எலும்பு, உடை, நரம்பு

ஓர் இணையதளப் பக்கம் மூன்று பொருள்களால் ஆனது.

ஒன்று, எச்.டி.எம்.எல். இது எலும்பு. இங்கே தலைப்பு, இங்கே படம், இங்கே பட்டன் என்று சொல்வது இது.

இரண்டு, சி.எஸ்.எஸ். இது உடை. தலைப்புக்கு என்ன நிறம், பட்டன் எவ்வளவு அகலம் என்று சொல்வது இது.

மூன்று, ஜாவா ஸ்கிரிப்ட். இது நரம்பு. விரல் பட்டால் உணர்வதும், கணக்குப் போடுவதும், தூரத்தில் உள்ள கம்ப்யூட்டரோடு பேசுவதும் இதன் வேலை.

இவை மூன்றும் ஒரே நாளில் பிறந்தவை அல்ல.

சுவிட்சர்லாந்து நாட்டில் ஜெனீவா நகரத்தின் அருகே "செர்ன்" என்ற அணு ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ் லீ என்ற இங்கிலாந்து அறிஞர், 1989-ம் ஆண்டில் இணையதள முறைக்குத் திட்டம் போட்டார். எலும்பு வந்தது.

அதே ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த ஹாக்கோன் வியூம் லீ என்ற நார்வே நாட்டுக்காரர், 1994-ம் ஆண்டு அக்டோபர் மாதம், "உடைக்குத் தனி மொழி வேண்டும்" என்று ஒரு யோசனை வெளியிட்டார். பெர்ட் போஸ் என்ற டச்சுக்காரர் அவரோடு சேர்ந்தார். 1996-ம் ஆண்டு டிசம்பர் மாதம் சி.எஸ்.எஸ். முறையாக அரங்கேறியது.

இடையிலே, 1995-ம் ஆண்டில், அமெரிக்காவில் நெட்ஸ்கேப் என்ற கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர் ஜாவா ஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தை எழுதினார். எத்தனை நாளில் தெரியுமா? பத்தே நாளில்!

உடைக்குக் கொஞ்சம் அறிவு உண்டு

உடை என்றால் சும்மா தொங்கிக்கொண்டிருப்பது என்று நினைக்கக் கூடாது. சி.எஸ்.எஸ்.சுக்குப் பிறவியிலேயே கொஞ்சம் அறிவு உண்டு.

ஏற்கெனவே போய்ப் பார்த்த பக்கத்துக்கு ஒரு நிறம், இன்னும் பார்க்காத பக்கத்துக்கு வேறு நிறம் என்று 1996-ம் ஆண்டிலேயே எழுத முடிந்தது. மவுசின் அம்பு மேலே வந்தால் நிறம் மாறும் வசதி, 1998-ம் ஆண்டில் வந்த இரண்டாம் பதிப்பில் சேர்ந்தது.

அதாவது, "நிலைக்கு ஏற்ற உடை" என்ற எண்ணம் புதியது அல்ல.

ஆனால் அந்த அறிவுக்கு ஓர் எல்லை இருந்தது. அம்பு எங்கே இருக்கிறது என்பது பிரவுசருக்குத் தெரியும். கல்லூரிக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. அது ஜாவா ஸ்கிரிப்ட்டுக்குத்தான் தெரியும்.

ஆகவே, நரம்புக்குத் தெரிந்த செய்தியை உடைக்குச் சொல்ல ஒரு பாலம் வேண்டியிருந்தது.

ஒரு கடை, இரண்டு கணக்கு

அந்தப் பாலத்தை முதலில் எப்படிக் கட்டினார்கள்? கட்டளை போட்டுக் கட்டினார்கள்.

"பட்டனைச் சாம்பல் நிறமாக்கு" என்று ஒரு கட்டளை. "எழுத்தை மாற்று" என்று ஒரு கட்டளை. "பச்சையாக்கு" என்று இன்னொரு கட்டளை.

2006-ம் ஆண்டில் ஜான் ரெசிக் என்ற அமெரிக்க இளைஞர், "ஜே-கொயரி" என்ற லைப்ரரியை வெளியிட்டார். லைப்ரரி என்றால் இங்கே புத்தகசாலை அல்ல. ஒருவர் எழுதி வைத்த புரோகிராமைப் பலரும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்வதற்கு அந்தப் பெயர். இப்படிப்பட்ட கட்டளைகளை ஒரே வரியில் எழுத ஜே-கொயரி வழி செய்தது. உலகம் முழுவதும் லட்சக்கணக்கான இணையதளங்கள் அதை எடுத்துக்கொண்டன.

நல்ல உதவிதான். ஆனால் அதிலே ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது.

"பணம் போய்க்கொண்டிருக்கிறது" என்ற உண்மை ஓர் இடத்தில் எழுதப்பட்டது. "பட்டன் சாம்பலாக இருக்கிறது" என்ற தோற்றம் வேறு இடத்தில் எழுதப்பட்டது. இரண்டையும் ஒன்றாக வைத்திருக்க வேண்டியது புரோகிராம் எழுதுகிறவரின் ஞாபகசக்தி!

ஒரு மளிகைக் கடைக்கு இரண்டு கணக்குப் புத்தகம் இருந்தால் எப்படி இருக்கும்? ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் எழுத மறந்தால், சாயங்காலம் கணக்கு உதைக்கும். அப்போது எந்தப் புத்தகத்தை நம்புவது?

பட்டனுக்கும் அதே கதிதான். பணம் தவறிய இடத்தில் "மறுபடி நீலமாக்கு" என்று எழுத ஒருவர் மறந்துவிட்டால், பட்டன் சாம்பலாகவே நின்றுவிடும். தாய் காத்திருப்பாள், காத்துக்கொண்டே இருப்பாள். கடைசி நாள் கடந்துவிடும்.

கணக்குத் தாள் காட்டிய வழி

இதற்கு ஒரு நல்ல வழி, வேறு துறையில் முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாணிபம் படித்த டான் பிரிக்ளின் என்ற மாணவர், வகுப்பிலே ஒரு காட்சியைக் கவனித்தார். பேராசிரியர் கரும்பலகையில் பெரிய கணக்கு ஒன்றை எழுதுகிறார். நடுவிலே ஓர் எண் மாறுகிறது. உடனே அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து அழித்து எழுத வேண்டியிருக்கிறது.

"ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமாகவே மாறினால் என்ன?" என்று பிரிக்ளின் நினைத்தார்.

பாப் பிராங்ஸ்டன் என்ற நண்பரோடு சேர்ந்து, 1979-ம் ஆண்டில் "விசிகால்க்" என்ற கணக்குத் தாளைக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்தார். இன்று அலுவலகங்களில் ஓடும் எக்செல் கணக்குத் தாளுக்கு அதுவே முன்னோடி.

அதிலே "கூட்டு, அழி, எழுது" என்று யாரும் கட்டளை போடுவதில்லை. "இந்தக் கட்டம், மேலே உள்ள கட்டங்களின் கூட்டுத்தொகை" என்று ஒரு முறை விதி எழுதி வைத்தால் போதும். பிறகு மேலே எது மாறினாலும் கீழே தானாக மாறும்.

கட்டளை அல்ல, விதி! இந்த வித்தியாசம்தான் முக்கியம்.

கட்டளை மறந்துபோகும். விதி மறப்பதில்லை.

உடைக்கும் விதி வந்தது

இந்த எண்ணம் இணையதளப் பக்கத்துக்கு மெல்ல மெல்ல வந்தது.

2013-ம் ஆண்டில் பேஸ்புக் கம்பெனி "ரியாக்ட்" என்ற லைப்ரரியை எல்லோருக்கும் திறந்துவிட்டது. "நிலை மாறினால் திரையும் தானாக மாறும்" என்பதே அதன் சாரம். மறு ஆண்டு, அதே கம்பெனியில் வேலை பார்த்த கிறிஸ்டோபர் ஷெடோ என்ற என்ஜினீயர், "உடையையும் ஜாவா ஸ்கிரிப்ட்டிலேயே எழுதலாமே" என்று ஒரு கூட்டத்தில் பேசினார்.

பலர் முகம் சுளித்தார்கள். "எலும்பும் உடையும் நரம்பும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்றுதானே இத்தனை நாள் படித்தோம்?" என்று கேட்டார்கள்.

ஆனாலும் அந்த எண்ணம் பரவியது. 2016-ம் ஆண்டில் மேக்ஸ் ஸ்டாய்பர், கிளென் மேடர்ன் என்ற இருவர், "ஸ்டைல்டு காம்பொனன்ட்ஸ்" என்ற லைப்ரரியை வெளியிட்டார்கள். நிலைக்கு ஏற்ற உடையை எழுத, இதுவே மிகவும் பெயர் பெற்ற கருவிகளில் ஒன்று ஆயிற்று.

அது எப்படி வேலை செய்கிறது?

பட்டனையும் அதன் உடையையும் ஒன்றாக எழுதுகிறார்கள். உடையிலே ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அங்கே ஒரு விதியை எழுதுகிறார்கள். "நிலை 'போகிறது' என்றால் சாம்பல், 'சேர்ந்தது' என்றால் பச்சை, 'தவறியது' என்றால் சிவப்பு." அவ்வளவுதான்.

நிலை மாறினால், லைப்ரரி அந்த விதியை மறுபடி படிக்கிறது. புதிய உடையைத் தயார் செய்கிறது. அதற்குத் தானே ஒரு பெயர் வைக்கிறது. பக்கத்திலே அந்த உடையைச் சேர்த்துப் பட்டனுக்குப் போட்டுவிடுகிறது.

"இப்போது சாம்பலாக்கு" என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே சொல்ல மறப்பதற்கும் வழி இல்லை!

இரண்டு கணக்குப் புத்தகம் ஒன்றாகிவிட்டது. நிலை ஒன்றே கணக்கு. நிறம் அதன் நிழல்.

உட்கார்ந்து தைக்கும் தையற்காரர்

நல்லது என்றால் அதற்கு ஒரு விலை உண்டு.

கல்யாண வீட்டிலே தையற்காரரைக் கூட்டி வந்து உட்காரவைத்து, வருகிற ஒவ்வொருவருக்கும் அப்போதே சட்டை தைத்துக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அளவு சரியாக இருக்கும். ஆனால் பந்திக்கு நேரமாகிவிடும்.

இப்படிப்பட்ட லைப்ரரிகளும் அப்படித்தான். பக்கம் திறந்த பிறகு, பார்ப்பவரின் செல்போனிலேயே உட்கார்ந்து உடை தைக்கின்றன. முதலில் தையற்காரரே வந்து சேர வேண்டும். அதாவது லைப்ரரி முழுவதும் செல்போனில் இறங்க வேண்டும். பிறகு தைக்க வேண்டும். பிறகு பிரவுசர் அதை உடுத்திப் பார்க்க வேண்டும்.

விலை உயர்ந்த செல்போனில் இது தெரியாது. மலிவான பழைய செல்போனில் தெரியும். பட்டன் தாமதமாக விழித்துக்கொள்ளும்.

இதை எதிரிகள் சொல்லவில்லை. உள்ளே இருந்தவர்களே சொன்னார்கள். "எமோஷன்" என்பது இதே வகையைச் சேர்ந்த மற்றொரு லைப்ரரி. அதைப் பராமரித்து வந்தவர்களில் ஒருவரே, இந்த முறையிலிருந்து விலகுவதாக 2022-ம் ஆண்டில் கட்டுரை எழுதினார். திரையின் ஒரு பகுதியை, முன்கூட்டியே தைத்த உடைக்கு மாற்றி அளந்து பார்த்தார். அதைத் திரையில் வரைய ஆகும் நேரம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது!

2025-ம் ஆண்டில் ஸ்டைல்டு காம்பொனன்ட்ஸ் லைப்ரரியின் பொறுப்பாளரும், இது பராமரிப்பு நிலைக்குப் போகிறது என்று அறிவித்தார்.

அப்படியானால் அந்த எண்ணம் தோற்றுவிட்டதா?

இல்லை. தையல் இடம் மாறியது, அவ்வளவுதான். பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம், 2023-ம் ஆண்டில் "ஸ்டைல்-எக்ஸ்" என்ற தன் கருவியை வெளியிட்டது. அதிலும் விதி உண்டு. ஆனால் உடைகள் எல்லாம் பட்டறையிலேயே தைத்து முடிக்கப்படுகின்றன. செல்போனுக்கு ஆயத்த ஆடையாகவே வந்து சேர்கின்றன.

லைப்ரரி இல்லாமலே முடியுமா?

பல சமயம் முடியும்!

பட்டன் மேல் ஒரு சீட்டு ஒட்டுவது போல, எச்.டி.எம்.எல்.லில் நிலையை எழுதி வைக்கலாம். சி.எஸ்.எஸ். அந்தச் சீட்டைப் படிக்கும். "சீட்டில் 'போகிறது' என்று இருந்தால் சாம்பல் நிறம்" என்று உடையிலேயே விதி எழுதி வைக்கலாம். ஜாவா ஸ்கிரிப்ட் சீட்டை மட்டும் மாற்றினால் போதும். நிறத்தைப் பற்றி அது கவலைப்பட வேண்டாம்.

சி.எஸ்.எஸ்.சும் முன்னைப் போல இல்லை, வளர்ந்துவிட்டது. நிறத்துக்கும் அளவுக்கும் பெயர் வைத்து, அந்தப் பெயரின் மதிப்பை மாற்றினால் பக்கம் முழுவதும் மாறும் வசதி, 2017-ம் ஆண்டுக்குள் எல்லா முக்கிய பிரவுசர்களிலும் வந்துவிட்டது. ஒரு பெட்டிக்குள்ளே தவறு இருந்தால் பெட்டியே சிவப்பாக மாறும் வசதி, 2023-ம் ஆண்டு முடிவதற்குள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது.

ஆகவே, ஒரு பட்டனுக்காக ஒரு லைப்ரரியைச் சுமந்து வருவது, ஓர் ஊசி வாங்கப்போய் தையல் மிஷின் வாங்கிவந்த கதைதான். ஆயிரம் பட்டன், நூறு பக்கம், பத்துப் பேர் சேர்ந்து எழுதும் வேலை என்றால் கருவி வேண்டும். ஒரு சிறு கடையின் பக்கத்துக்குச் சீட்டே போதும்.

எதை எடுத்துக்கொண்டாலும் விதி ஒன்றே: உண்மையை ஓர் இடத்தில் மட்டும் எழுது, தோற்றம் அதைப் பார்த்து மாறட்டும்.

விளக்கு பொய் சொன்ன கதை

சரி, நிறம் நிலையைப் பின்பற்றுகிறது. அதோடு கதை முடிந்ததா?

முடியவில்லை. அந்த நிலையே பொய்யாக இருந்தால்?

இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. அது இணையதளத்தில் நடந்தது அல்ல. அணு மின்சார நிலையத்தில் நடந்தது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் "திரீ மைல் ஐலண்டு" என்ற இடத்தில் அணு மின்சார நிலையம் இருந்தது. 1979-ம் ஆண்டு மார்ச் மாதம் 28-ந் தேதி. விடியற்காலை 4 மணி.

பம்புகள் நின்றன. உள்ளே அழுத்தம் ஏறியது. அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வு தானாகத் திறந்தது. அழுத்தம் குறைந்ததும் அது மூடியிருக்க வேண்டும். மூடவில்லை, சிக்கிக்கொண்டது.

ஆனால் கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வுக்கான விளக்கு அணைந்துவிட்டது! "வால்வு மூடிவிட்டது" என்று அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள்.

உண்மையிலே அந்த விளக்குக்கு வால்வின் நிலை தெரியாது. மூடும்படி உத்தரவு போய்விட்டது என்பது மட்டுமே தெரியும். உத்தரவு போனதை, காரியம் முடிந்ததாக அது காட்டியது.

இரண்டு மணி நேரத்துக்கு மேல், திறந்திருந்த வால்வு வழியாக நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. அணு உலையின் உள்பகுதியில் ஏறத்தாழ பாதி உருகிவிட்டது. அந்த உலை அதற்குப் பிறகு இயங்கவே இல்லை.

விளக்கு ஒன்றே காரணம் அல்ல. பயிற்சிக் குறைவு உட்பட வேறு காரணங்களும் இருந்தன. இதை விசாரித்த குழுவுக்குத் தலைவராக இருந்தவர் ஜான் கெமனி. 1964-ம் ஆண்டில் "பேசிக்" என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர் அவர்.

ஐந்தாவது நிலை

இனி, கல்லூரிக் கட்டணத்துக்கு வருவோம்.

தாய் பட்டனை அமுக்கியதும், "பணம் கட்டு" என்ற உத்தரவு புறப்படுகிறது. கல்லூரியின் கம்ப்யூட்டரிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. அதற்குள்ளே பட்டன் பச்சையானால்? அது அணு நிலையத்து விளக்கு செய்த அதே தவறு. உத்தரவு போனதை, காரியம் முடிந்ததாகக் காட்டுகிறது!

சில இணையதளங்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்கின்றன. பதில் வருவதற்கு முன்பே "முடிந்தது" என்று காட்டினால், பார்ப்பவருக்கு எல்லாம் வேகமாக நடப்பது போலத் தோன்றும்.

நண்பரின் படத்துக்கு "லைக்" போடும் இடத்தில் இப்படிச் செய்தால் குற்றம் இல்லை. தவறிப்போனாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை. பணம், மருந்து, ரயில் டிக்கெட், பரீட்சை விண்ணப்பம் - இங்கெல்லாம் இப்படிச் செய்யக் கூடாது.

இதை எந்த லைப்ரரியும் தடுக்காது. நிறம் நிலையைப் பின்பற்றும்படி அது பார்த்துக்கொள்ளும். நிலை உண்மையா என்று பார்ப்பது எழுதுகிறவரின் பொறுப்பு. பொய்யான நிலையைக் கொடுத்தால், லைப்ரரி மிகவும் அழகாக, மிகவும் வேகமாகப் பொய் சொல்லும்!

ஆகவே, முன்னே சொன்ன நான்கு நிலைகள் போதாது. ஐந்தாவதாக ஒன்று வேண்டும்.

அது என்ன?

"இன்னும் தெரியவில்லை" என்ற நிலை.

பாதி வழியில் இன்டர்நெட் அறுந்துபோகலாம். பணம் சேர்ந்ததா, சேரவில்லையா என்று பட்டனுக்கே தெரியாமல் போகலாம். அப்போது பச்சையும் பொய். சிவப்பும் பொய். சிவப்பைப் பார்த்தால் தாய் மறுபடியும் கட்டுவாள். "இன்னும் தெரியவில்லை, மறுபடி அமுக்க வேண்டாம், விசாரித்துச் சொல்கிறோம்" என்பதுதான் உண்மை.

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல, மனிதருக்கே துணிவு வேண்டும். பட்டனுக்கு அந்தத் துணிவைக் கொடுக்க வேண்டியது, அதை எழுதுகிறவர்.

நிறம் மட்டும் போதுமா?

இன்னொரு விஷயமும் உண்டு.

பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். வட ஐரோப்பிய வம்சத்து ஆண்களில், ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவருக்கு நிறக் குறைபாடு உண்டு. பெண்களில் ஏறத்தாழ 200 பேருக்கு ஒருவர். மற்ற நாட்டு மக்களிலும் இந்தக் குறைபாடு உடையவர்கள் உண்டு. பார்வையே இல்லாதவர்களும், செல்போன் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டே வேலை செய்கிறார்கள்.

அவர்களுக்குப் பச்சை என்ன, சிவப்பு என்ன?

"நிறம் ஒன்றை மட்டும் வைத்துச் செய்தி சொல்லக் கூடாது" என்பது, 2008-ம் ஆண்டில் வெளிவந்த உலக இணையதள விதிகளிலே ஒன்று. பச்சையோடு ஒரு "சரி" குறி வேண்டும். சிவப்போடு "தவறியது" என்ற சொல் வேண்டும்.

முன்னே சொன்ன சீட்டு முறை இங்கேயும் கைகொடுக்கிறது. பட்டனிலோ, அதன் பக்கத்திலோ "வேலை நடக்கிறது", "இது தவறு" என்று எழுதி வைப்பதற்கென்றே, உலகம் ஒப்புக்கொண்ட சீட்டுகள் உண்டு. 2014-ம் ஆண்டில் அவை முறையாக வெளியாயின. வாய்விட்டுப் படிக்கும் கருவி அந்தச் சீட்டைப் படிக்கும். அதே சீட்டைப் பார்த்து உடையும் மாறும்.

கண்ணுக்கும் காதுக்கும் ஒரே உண்மை! இதைவிட நல்ல ஏற்பாடு வேறு என்ன?

சின்ன விஷயமா?

"ஒரு பட்டனுக்கு இவ்வளவு பேச்சா?" என்று சிலர் கேட்கலாம். "ஒரே கட்டணம் இரண்டு முறை வந்தால், கல்லூரியின் கம்ப்யூட்டரே ஒன்றைத் தள்ளிவிட வேண்டியதுதானே?" என்றும் கேட்கலாம்.

உண்மை. அந்தக் காவல் கட்டாயம் வேண்டும். அது இல்லாத பணக் கணக்கு பாதுகாப்பானது அல்ல.

ஆனால் உள்ளே காவல் இருப்பது தாய்க்குத் தெரியாது. அவளுக்குத் தெரிவது பட்டன் மட்டுமே. பணம் பத்திரமாக இருந்தும், மனம் பதறினால் அது நல்ல ஏற்பாடு ஆகுமா?

ஒரு காலத்தில் வங்கிக்குப் போனால் ஓர் ஆள் இருந்தார். "பணம் கட்டிவிட்டேன் ஐயா, சேர்ந்துவிட்டதா?" என்று கேட்டால், முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். வாசலில் விசாரித்துக்கொள்ளவும் நாலு பேர் இருந்தார்கள்.

இன்று பல வேலைகளில் அந்த ஆள் இருந்த இடத்தில் பட்டன் இருக்கிறது. ஆள் பொய் சொன்னால் குற்றம் என்கிறோம். பட்டன் சொன்னால் மட்டும் "டெக்னிக்கல் கோளாறு" என்று விட்டுவிடலாமா?

செய்ய வேண்டியது

இணையதளம் நடத்துகிறவர்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "எங்கள் பட்டன் எத்தனை நிலை காட்டுகிறது? இன்டர்நெட் நடுவிலே அறுந்தால் அது என்ன சொல்கிறது?" இதற்குப் பதில் வராமல் பணம் வாங்கக் கூடாது.

புரோகிராம் எழுதுகிறவர்கள், புதிய லைப்ரரி வந்தது என்பதற்காக அதைத் தூக்கி வரக் கூடாது. நிலையை ஓரிடத்தில் எழுதுங்கள். நிறத்தை அதன் பின்னே நடக்க விடுங்கள். பதில் வருவதற்கு முன் பச்சை காட்டாதீர்கள். எழுதி முடித்த பிறகு, மலிவான ஒரு செல்போனில், எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். அவர் தடுமாறும் இடத்தில்தான் பிழை இருக்கிறது.

மக்களும் ஒன்றை நினைவில் வைக்கலாம். பணம் கட்டும்போது திரை மாறவில்லை என்றால், உடனே மறுபடி அமுக்க வேண்டாம். வங்கியிலிருந்து செய்தி வந்திருக்கிறதா என்று பாருங்கள். கணக்கில் பணம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.

அதுவரை, ஒன்றும் சொல்லாமல் நிற்கிற பட்டனை நம்ப வேண்டியது இல்லை. குற்றம் விரலில் இல்லை, பட்டனில் இருக்கிறது.